விதியா, தற்செயலா, மனிதன் செயலா?

(தியாகதுருகம் கூட்டத்தில் பேசியது)



இன்றைய கூட்டத்திற்கு நோட்டீசில் "ஜோசியமும் கணக்கும்" என்று விஷயம் போட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு, நான் வருகிற வழியில் ஒரு பெரியவர், "ஜோசியமே கணக்குத்தானே அய்யா, அதில் நீர் என்ன தனியாகக் கணக்குச் சொல்லப் போகிறீர்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். எந்தக் கிரகம் எந்த ராசியில் நிற்கிறது என்று ஜோசியன் போடுவது ஒரு கணக்கு. அது வானத்தைப் பற்றியது. அதனோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அந்தக் கிரகம் அங்கே நின்றதால் உன் மகளுக்குக் கல்யாணம் கூடாது, உன் மாட்டுக்கு வியாதி வரும், உன் அண்ணன் உயிருக்கு ஆபத்து என்றெல்லாம் சொல்லுகிறானே, அதற்கு அவன் எந்தக் கணக்கையாவது காட்டியிருக்கிறானா? சொன்னது எத்தனை, பலித்தது எத்தனை, பலிக்காதது எத்தனை என்று ஒரு நோட்டுப் புத்தகமாவது வைத்திருக்கிறானா? அந்த இரண்டாவது கணக்கைக் கேட்பதற்காகத்தான் நான் இங்கு வந்திருக்கிறேன்.

தோழர்களே! நம்முடைய கூட்டங்களில் எப்போதும், யார் சொன்னாலும் நம்பாதே, உன் அறிவைக் கொண்டு ஆராய்ந்து பார் என்று சொல்லுவது வழக்கம். சொல்லுவது சரி. ஆனால் ஆராய்வது எப்படி என்று சொல்லிக் கொடுக்க வேண்டாமா? ஒருவர், "ஜோசியர் சொன்னபடியே எனக்கு நடந்தது" என்கிறார். மற்றொருவர், "எனக்கு நடக்கவில்லை" என்கிறார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. அப்படியானால் யாரை நம்புவது? சத்தம் போட்டுப் பேசுகிறவரையா? வயதானவரையா? இரண்டும் அறிவாகாது. இதற்கென்று உலகத்தில் ஒரு முறை ஏற்பட்டிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் அதற்கு நிகழ்தகவு என்றும் புள்ளியியல் என்றும் பெயர் சொல்லுவார்கள். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். ஒரு ரூபாய் நாணயம் இருந்தால் போதும்.

இந்தக் கூட்டத்தில் 64 பேரை எழுந்து நிற்கச் சொல்லுவதாக வைத்துக் கொள்ளுங்கள். நான் நாணயத்தைச் சுண்டுகிறேன். 32 பேர் தலை என்று சொல்லட்டும், 32 பேர் பூ என்று சொல்லட்டும். தப்பாகச் சொன்னவர்கள் உட்கார்ந்து விட வேண்டும். முதல் தடவையில் 32 பேர் மிஞ்சுவார்கள். அவர்களும் இதே மாதிரி பாதிப் பாதியாகப் பிரிந்து சொல்லட்டும். அடுத்த தடவையில் 16, பிறகு 8, பிறகு 4, பிறகு 2, கடைசியில் ஒருவர். அந்த ஒருவர் ஆறு தடவையும் தப்பாமல் சொன்னவர். அவருக்கு ஞான திருஷ்டி இருக்கிறதா? யார் நின்றிருந்தாலும் யாராவது ஒருவர் கடைசியில் நின்றுதானே ஆக வேண்டும்! ஆனால் அந்த ஒருவர் ஊருக்குப் போய், "ஆறுக்கு ஆறு சொன்னேன்" என்று போர்டு எழுதித் தொங்கவிட்டால், உட்கார்ந்து போன 63 பேரும் சாட்சி சொல்ல வராவிட்டால், அவர் மகானாகி விடுவார். நம் நாட்டில் பல பேருடைய மகத்துவம் இந்த 63 பேர் வாய் திறக்காததால் ஏற்பட்டதுதான்.

பிள்ளை விஷயத்தையே பாருங்கள். கர்ப்பவதியைப் பார்த்து "ஆண் குழந்தை" என்று ஒருவன் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டே போனால், அவனுக்கு ஒரு எழுத்தும் தெரியாவிட்டாலும் பாதிக்கு மேல் பலித்தே தீரும். பலித்தவர்கள் வெற்றிலை பாக்கும் வேஷ்டியும் கொண்டுவந்து வைப்பார்கள். பலிக்காதவர்கள் "நம் நேரம்" என்று வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். ஆகவே அவன் திண்ணையில் கூடுகிற கூட்டம் முழுவதும் பலித்தவர்களின் கூட்டமாகவே இருக்கும். அந்தக் கூட்டத்தைப் பார்த்து இன்னொரு கூட்டம் போகும்.

நிற்க. முறை என்னவென்றால் இதுதான். ஒருவன் தனக்கு ஒரு வித்தை தெரியும் என்கிறான். நாம் முதலில், இவனுக்கு ஒன்றுமே தெரியாது என்று வைத்துக் கொள்ளுகிறோம். அப்படியானால் வெறும் தற்செயலாகவே எத்தனை பலிக்கும் என்று கணக்குப் போடுகிறோம். எத்தனைக்கு மேல் போனால் ஒப்புக் கொள்ளுவது என்பதைச் சோதனைக்கு முன்னாலேயே எழுதி வைக்கிறோம். பிறகு சோதிக்கிறோம். விடையைப் பார்த்த பின்பு எல்லையை மாற்றுவது, இரு கட்சிக்காரர்களில் யார் செய்தாலும், மோசடியே ஆகும்.

இங்கிலாந்தில் ரொனால்டு பிஷர் என்ற கணக்கு நிபுணர் 1935-ல் எழுதிய புத்தகத்தில் இதை ஒரு டீக்கோப்பையை வைத்தே விளக்கினார். ஒரு அம்மாள், கோப்பையில் பால் முதலில் ஊற்றப்பட்டதா, டீ முதலில் ஊற்றப்பட்டதா என்பதைக் குடித்துப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்கிறார். சரி, 8 கோப்பை வை, 4 இப்படி, 4 அப்படி, கலைத்து வை, பால் முதலில் ஊற்றிய நான்கைப் பொறுக்கிக் கொடு என்றார். எட்டில் நான்கைப் பொறுக்குவதற்கு 70 வழி இருக்கிறது. ஒன்றும் தெரியாதவர் குருட்டாம்போக்கில் நான்கையும் சரியாகப் பொறுக்குவது 70-ல் ஒரு தடவைதான் நடக்கும். ஆகவே நான்கையும் சரியாகப் பொறுக்கிவிட்டால், "இந்த அம்மாளுக்கு விஷயம் இருக்கிறது" என்று நாம் ஒப்புக்கொள்ளத் தயாராக இருக்க வேண்டும். இதில் அவமரியாதை ஏதாவது இருக்கிறதா? டீ ருசிக்கே இவ்வளவு சோதனை என்றால், நம் பெண்களின் வாழ்வைத் தீர்மானிக்கிற ஜாதகத்திற்கு எவ்வளவு சோதனை வேண்டும்?

இன்னும் ஒரு விஷயம் தெரிந்து கொண்டால் போதும். நாணயத்தை 40 தடவை சுண்டினால் 20 தலை விழ வேண்டும் என்பீர்கள். ஆனால் சரியாக 20 விழுவது கொஞ்சந்தான். 17 விழும், 22 விழும், சில சமயம் 25 கூட விழும். இந்த ஊரார் ஒவ்வொருவரும் 40 தடவை சுண்டி, தமக்கு விழுந்த எண்ணுக்கு நேராக ஒரு பிடி நெல்லைப் போட்டுக்கொண்டே வந்தால், களத்தில் குவித்த நெல் மாதிரி இருக்கும். 20-க்கு நேரே உயரம், இரண்டு பக்கமும் சரிவு, ஓரத்தில் சிதறல். தற்செயல் என்பதற்கும் இப்படி ஒரு ஒழுங்கு உண்டு. குவியலின் அகலத்தை அளக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. எத்தனை தடவை சுண்டினோமோ அந்த எண்ணின் வர்க்கமூலத்தில் பாதியை ஒரு "அடி" என்று வைத்துக் கொள்ளுங்கள். 40-க்கு அது 3-க்குச் சற்று மேல். நடுவிலிருந்து இரண்டு அடி வரையில் தற்செயல் தாராளமாக நடமாடும். மூன்று அடிக்கு வெளியே அது போவது மிக அபூர்வம். நூறு பேர் சுண்டினால் சுமார் 96 பேருக்கு 14-லிருந்து 26-க்குள்ளாகவே விழும். 28-ம் அதற்கு மேலும் விழுவது நூற்றுக்கு ஒருவருக்குக் கூட இல்லை.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு நம் தேசத்து ஜோசியர்களையே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2001-ல் பல்கலைக்கழக மானியக் குழுவானது ஜோசியத்தையும் பல்கலைக்கழகப் பாடமாக வைக்க முன்வந்தது உங்களுக்கு ஞாபகமிருக்கலாம். விஞ்ஞானிகள் பலர் எதிர்த்தார்கள். வானநூல் அறிஞரான ஜெயந்த் நார்லிகர் ஒரு படி மேலே போய், சோதித்தே பார்த்துவிடலாம் என்றார். 2008-ல் புனேயில் அந்தச் சோதனை நடந்தது. மூடநம்பிக்கை ஒழிப்புச் சங்கத்தை நடத்திவந்த நரேந்திர தபோல்கரும், பல்கலைக்கழகத்துப் புள்ளியியல் நிபுணரும், முன்பு ஜோசியம் பார்த்து அதை விட்டுவிட்ட ஒருவரும் அவரோடு சேர்ந்தார்கள்.

நல்ல புத்திசாலிகள் என்று பெயரெடுத்த 100 குழந்தைகள், மூளை வளர்ச்சி குன்றிய 100 குழந்தைகள், ஆக 200 பேருடைய பிறந்த நேரத்தைச் சேகரித்து ஜாதகம் கணித்தார்கள். பெயரில்லை, நம்பர் மட்டுந்தான். எந்த நம்பர் எந்தக் குழந்தை என்ற இரகசியம் புள்ளியியல்காரரிடம் இருந்தது. சோதனைக்கு இசைந்த ஒவ்வொரு ஜோசியருக்கும் 40 ஜாதகம் அனுப்பி, இது எந்த வகைக் குழந்தையினுடையது என்று மட்டும் சொல்லுங்கள் என்றார்கள். 40-க்கு 28 சரியாகச் சொன்னால் வித்தை உண்டு என்று ஒப்புக் கொள்ளுவதாக முன்னாலேயே அறிவித்தார்கள். ஜாதகத்தை வாங்கிக் கொண்டவர்கள் 51 பேர். பதில் அனுப்பியவர்கள் 27 பேர்.

அந்த 27 பேரில் 28-ஐத் தொட்டவர் ஒருவர் கூட இல்லை. எல்லோரிலும் அதிகம் எடுத்தவர் ஒருவர், 24. அடுத்து இரண்டு பேர் 22. எல்லோருடைய சராசரியையும் எடுத்தால் பாதிக்கும் குறைவு. நாணயம் சுண்டியிருந்தால் இதைவிடக் கொஞ்சம் நன்றாக வந்திருக்கும்! ஒரு ஜோசிய ஸ்தாபனத்தாருக்கு 200 ஜாதகத்தையும் கொடுத்தார்கள். அவர்கள் சரியாகச் சொன்னது 102. 200-க்கு ஒரு அடி என்பது 7. அவர்கள் பாதியைத் தாண்டியது 2. அதாவது ஒரு அடி கூட எடுத்து வைக்கவில்லை.

"24 எடுத்தாரே ஒருவர், அவராவது கெட்டிக்காரர் இல்லையா?" என்று உங்களில் யாருக்காவது தோன்றலாம். தோன்ற வேண்டியதுதான். அதற்கும் கணக்கு இருக்கிறது. ஒன்றும் தெரியாத ஒருவருக்கு 24-ஓ அதற்கு மேலோ வருவது நூற்றுக்குச் சுமார் 13 தடவை. 27 பேர் கண்ணை மூடிக்கொண்டு எழுதியிருந்தாலே மூன்று நான்கு பேருக்கு அப்படி வந்திருக்க வேண்டும். வந்ததோ ஒருவருக்கு. அந்த ஒருவர், நான் முன்னே சொன்ன 64 பேரில் கடைசியாக நின்றவருக்கு அண்ணன் தம்பி முறை, அவ்வளவுதான்.

இந்தச் சோதனைக்குத் துணை நின்ற தபோல்கரை 2013 ஆகஸ்ட் 20-ந் தேதி காலையில் உலாவப் போன இடத்தில் சுட்டுக் கொன்றார்கள். பலித்ததா பலிக்கவில்லையா என்று கேட்டுக்கொண்டே வாழ்ந்தவருக்கு இந்த நாட்டில் கிடைத்த பதில் அது. ஆனால் சுட்டதனால் 24 என்பது 28 ஆகிவிடவில்லை.

தோழர்களே! இது வரையில் நான் சொன்னதைக் கேட்டு, கணக்கு என்பது எல்லாவற்றையும் "ஒன்றுமில்லை, தற்செயல்" என்று தள்ளிவிடுகிற கருவி என்று நினைத்துவிடாதீர்கள். அதே அளவுகோல் இன்னொரு இடத்தில், "இது தற்செயல் அல்லவே அல்ல" என்று கையைப் பிடித்து நிறுத்தும். அதைச் சொல்லாமல் நான் மேடையை விட்டு இறங்கினால் என் பேச்சு அரைப் பேச்சாகப் போகும்.

இந்த ரோட்டில் மேற்கே போனால் கள்ளக்குறிச்சி, சின்னசேலம், ஆத்தூர், அப்புறம் சேலம். அதையும் தாண்டினால் தர்மபுரி. மனிதருக்குப் பிறக்கும் குழந்தைகள், யாரும் கை வைக்காவிட்டால், எங்கும் சுமாராக 105 ஆணுக்கு 100 பெண் என்ற கணக்கில் பிறக்கின்றன. அதாவது 1000 ஆணுக்கு 950 பெண்ணுக்குச் சற்று மேல். பிறந்த பின்பு சிசுவாக இருக்கும்போது இயற்கையாகச் சாவதிலும் ஆண் குழந்தையே கொஞ்சம் அதிகம். 2001 ஜனத்தொகைக் கணக்கில் ஆறு வயது வரையிலுள்ள குழந்தைகளைப் பார்த்தால், சேலம் ஜில்லாவில் 1000 ஆணுக்கு 851 பெண். தர்மபுரி ஜில்லாவில் 826.

இது தற்செயலாக இருக்கலாமா? அளந்து பார்ப்போம். ஒரு லட்சம் குழந்தைகள் என்று வைத்துக் கொள்ளுங்கள். அந்த ஜில்லாக்களில் இருந்தது அதற்கும் மேல். லட்சத்திற்கு ஒரு அடி என்பது 158. இருக்க வேண்டிய பெண் குழந்தைகள் சுமார் 48,780. தர்மபுரிக் கணக்குப்படி இருந்தது சுமார் 45,240. குறைவு 3,500-க்கு மேல். 22 அடி! மூன்று அடிக்கு வெளியே தற்செயல் போவது அபூர்வம் என்று சொன்னேன். 22 அடிக்கு அது இந்த உலகம் உள்ள மட்டும் நடந்தாலும் போய்ச் சேராது.

அந்தக் குழந்தைகள் எங்கே? "மூச்சுத் திணறல்" என்றார்கள். "பால் குடிக்கவில்லை" என்றார்கள். "விதி" என்றார்கள். ஒவ்வொரு வீட்டிலும் தனித்தனியாகக் கேட்டால் ஒவ்வொன்றும் நம்பக் கூடியதாகவே இருக்கும். மொத்தமாக எண்ணிப் பார்த்தபோதுதான் கள்ளிப்பாலும், வயிற்றிலேயே ஆணா பெண்ணா என்று பார்த்துக் கலைக்கிற அக்கிரமமும் வெளிச்சத்துக்கு வந்தன. 1992-ல் சேலத்தில்தான் சர்க்கார் தொட்டில் குழந்தைத் திட்டத்தை ஆரம்பித்தார்கள். 1994-ல் வயிற்றுப் பிள்ளை ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்லுவதைத் தடுக்கச் சட்டம் வந்தது. 2011 கணக்கில் சேலமும் தர்மபுரியும் 900-ஐத் தாண்டின. எழுதினவன் எழுதின விதியானால் பத்து வருஷத்தில் எப்படித் திருந்தும்? எதனால் எவ்வளவு திருந்திற்று என்பதை இந்த ஒரு கணக்கு சொல்லாது. ஆனால் மனிதன் கையிலிருந்த காரியம் என்பதைச் சொல்லுகிறது. அதே 2011-ல், 1993 வரைக்கும் நம்மோடு ஒரே தென்னாற்காடு ஜில்லாவாக இருந்த கடலூரில் 896. அதுவும் லட்சத்திற்கு ஒன்பது அடிக்கு மேல் விலகியிருக்கிறது. மேற்கே பார்த்து மூக்கில் விரல் வைத்தவர்கள் கிழக்கேயும் திரும்பிப் பார்க்க வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிட வேண்டும். உங்கள் தெருவில் ஒரு வருஷத்தில் 20 குழந்தை பிறந்து, 13 ஆண், 7 பெண் என்று இருந்தால், உடனே எந்த வீட்டுக்காரரையும் சந்தேகப்படக் கூடாது. யாரும் ஒரு தப்பும் செய்யாமலே ஆறேழு தெருவில் ஒரு தெரு அப்படித்தான் இருக்கும். சிறிய எண்ணை வைத்துக்கொண்டு குற்றம் சாட்டுகிறவன், நான்கு ஜாதகம் பலித்ததை வைத்துக்கொண்டு மகான் ஆகிறவனுக்கு எந்த விதத்திலும் மேலானவன் அல்ல. கணக்கு குற்றவாளியைக் காட்டுவது போலவே நிரபராதியையும் காப்பாற்ற வேண்டும். அன்றியும், பெற்ற தாயை மாத்திரம் பழி சொல்லிவிட்டு வரதட்சிணை கேட்டவனும், சொத்தில் பங்கில்லை என்றவனும், மூன்றாவதும் பெண்ணா என்று முகத்தைத் திருப்பினவனும் தப்பித்துக் கொள்ளப் பார்ப்பது யோக்கியமாகாது. பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டும் என்று 1929-ல் செங்கல்பட்டு மகாநாட்டில் தீர்மானம் போட்டதன் அவசியத்தை இந்த 826 என்ற எண்ணிலிருந்து தெரிந்து கொள்ளலாம்.

கடைசியாக, நீங்களே செய்து பார்க்கக் கூடிய ஒரு சோதனையைச் சொல்லி முடிக்கிறேன். "பெண் மூலம் நிர்மூலம்" என்று ஒரு பேச்சு இருக்கிறது. மூல நட்சத்திரத்தில் பிறந்த பெண் வந்தால் மாமனாருக்கு ஆகாது என்று, எத்தனையோ பெண்களை வீட்டோடு உட்கார வைத்திருக்கிறார்கள். நட்சத்திரம் 27. ஆகவே 2,700 கல்யாணத்தை எடுத்துக் கொண்டால், நட்சத்திரம் பார்த்து யாரையும் ஒதுக்காதிருந்தால், மூலத்துப் பெண்கள் சுமார் 100 பேர் இருக்க வேண்டும். சுற்றுப்பட்டுக் கிராமங்களில் இளைஞர்கள் இரண்டு வருஷம் நோட்டுப் புத்தகத்தோடு அலைந்தால் கிடைத்துவிடும். ஒதுக்கியதால் 60 பேர்தான் அகப்படுகிறார்கள் என்றால், அந்தக் குறைவே அந்தப் பேச்சு செய்த அநியாயத்திற்கு முதல் சாட்சி. இன்னும் சில கிராமம் சுற்றி 100-ஐச் சேர்த்துக் கொள்ளுங்கள். ஒவ்வொரு வீட்டிலும், கல்யாணமாகி ஐந்து வருஷத்திற்குள் மாமனார் இறந்தாரா என்று மட்டும் கேட்டு எழுதுங்கள். மற்ற 26 நட்சத்திரத்துப் பெண்களின் வீட்டில் நூற்றுக்கு 20 மாமனார் இறந்திருப்பதாக வைத்துக் கொண்டால், மூலத்துப் பெண்கள் 100 பேர் வீட்டிலும் 12-லிருந்து 28-க்குள் இறந்திருந்தால் அது தற்செயலின் எல்லைக்குள்ளேதான். அதற்கு மேலே, 35 அல்லது 40 என்று வந்தால், நானே இந்த மேடையில் வந்து நின்று, என் எண்ணம் தவறு, இதை மேலும் ஆராய வேண்டும் என்று சொல்லுகிறேன். ஜோசியர்கள் இதே மாதிரி ஒரு வார்த்தை கொடுப்பார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

தோழர்களே! தற்செயலாகப் பலித்ததை ஜோசியன் சாமர்த்தியம் என்கிறோம். மனிதன் கூசாமல் செய்த கொலையை விதி என்கிறோம். இரண்டு இடத்திலும் நாம் ஏமாந்தது எண்ணிப் பார்க்காததால்தான். ஆதலால் இனி யாராவது உங்களிடம் வந்து "பலித்தது" என்றால், எத்தனையில் எத்தனை என்று கேளுங்கள். "விதி" என்றால், எத்தனை பேருக்கு இந்த விதி என்று கேளுங்கள். நான் சொன்ன கணக்கையும் நம்பிக்கொண்டு போக வேண்டாம். ஒரு நாணயத்தை எடுத்து நாற்பது தடவை சுண்டிப் பார்த்துவிட்டு, சரியென்று பட்டால் மாத்திரம் ஒப்புக் கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டு இத்துடன் முடித்துக் கொள்ளுகிறேன்.